முன்னாள் காதலரின் அம்மா இறந்துவிட்டார், நான் என்ன எழுதுவது?

கேள்வி: எனக்கு 28 வயது. கோவையில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் டெக்னீஷியனாக இருக்கிறேன். கல்லூரியில் தொடங்கி ஐந்து வருடம் ஒருவரைக் காதலித்தேன். அவர் வீட்டில் அவருடைய அம்மாவுக்கு மட்டும்தான் விஷயம் தெரியும். நான் ‘அம்மா’ என்று கூப்பிட்டபோது, ‘அத்தைன்னே கூப்பிடு’ என்றவர். சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸில் இருந்தார். ரத்தம் எடுக்கும்போதெல்லாம் ரிப்போர்ட்டைப் படம் பிடித்து எனக்கு அனுப்பிவிட்டு, ‘நம்பர் ஏறியிருக்கா, இறங்கியிருக்கா’ என்று வாய்ஸ் நோட்டில் கேட்பார். ரத்தத்தில் சேரும் கழிவான கிரியாட்டினினின் பெயர் அவர் வாயில் நுழையாது. எங்கள் வீட்டுக்குக் காதல் தெரிந்து, ஜாதியைச் சொல்லி ரகளையாகி, அப்பா சாப்பிடாமல் கிடந்து, கடைசியில் போன வருடம் நான் காதலரின் நம்பரை பிளாக் செய்துவிட்டேன். காரணம் எதுவும் சொல்லவில்லை. ‘வீட்டுல பேசிட்டு சொல்றேன்’ என்பதுதான் நான் கடைசியாகச் சொன்னது. அதற்கப்புறமும் அத்தை ஒருமுறை ரிப்போர்ட் அனுப்பினார். நான் பதில் போடவில்லை.

போன மாதம் அத்தை இறந்துவிட்டார். ஒரு தோழியின் ஸ்டேட்டஸில் கண்ணீர் அஞ்சலிப் படத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். பதினாறாம் நாள் காரியமும் முடிந்துவிட்டது. எனக்குத் தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளைக்கு, முன்பு ஒருவர் இருந்தார் என்பது மட்டும் தெரியும். காலையில் லேப் பாத்ரூமில் அழுகிறேன், சாயங்காலம் முகூர்த்தப் புடவை எடுக்கப் போய் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். துக்கத்துக்கு மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என ஐந்து கட்டம் என்று நெட்டில் போட்டிருக்கிறார்கள், நான் எதிலும் இல்லை. எழுதி எழுதி அழித்த மூன்று மெசேஜ்களைக் கீழே கொடுத்திருக்கிறேன். எதை அனுப்பலாம்? நேரில் போகலாமா? அவருக்காக அழ எனக்கு உரிமை இருக்கிறதா?

– பெயர் வேண்டாம், கோவை

பதில்:

அனுப்புங்கள். நேரில் போக வேண்டாம், இப்போதைக்கு. அழுவதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அவசரத்துக்கு இது போதும் என்றால் இத்தோடு மூடிவிட்டு வேலையைப் பார்க்கலாம். ஆனால் நீங்கள் எழுதி அழித்த அந்த மூன்று மெசேஜ்களையும் நான் விடுவதாக இல்லை, ஏனென்றால் இந்த மாதிரி நேரத்தில் என்னிடம் வருகிறவர்கள் போனை நீட்டிக் காட்டுவது பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றைத்தான்.

அதற்கு முன்னால், ‘காரியமே முடிந்துவிட்டது, இனி எழுதி என்ன’ என்ற தயக்கத்தை விடுங்கள். சாவு விழுந்த வீட்டில் முதல் இரண்டு நாள் யார் வந்தார்கள், யார் என்ன சொன்னார்கள் என்பது மகன் மண்டையில் ஏறவே ஏறாது. ஃப்ரீசர் பெட்டிக்குச் சொல்ல வேண்டும், பந்தல்காரருக்குச் சொல்ல வேண்டும், வெளியூர்க்காரர்கள் எந்த ஊர் தாண்டியிருக்கிறார்கள் என்று நிமிடத்துக்கு ஒரு போன், நடுவில் யாரோ வந்து டாக்டர் சர்டிஃபிகேட் எங்கே என்று கேட்பார்கள். அன்றைக்கு வந்த மெசேஜ்கள் வந்தபடியே கிடக்கும். பதினாறு முடிந்து, சொந்தபந்தமெல்லாம் பஸ் ஏறிப் போன பிறகுதான் அம்மா இல்லை என்பதே உறைக்க ஆரம்பிக்கும். அதுவும் டயாலிசிஸுக்குக் கூட்டிக்கொண்டு போன பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம். வாரத்தில் இரண்டு மூன்று நாள் விடியற்காலை எழுந்து, ஃபைலை எடுத்து, அம்மாவை வண்டியில் ஏற்றி, நான்கு மணி நேரம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தே பழகியவருக்கு இப்போது அந்தக் கிழமைகள் வந்தால் கையும் ஓடாது காலும் ஓடாது. உங்கள் மெசேஜ் அப்படி ஒரு நாளில் போய்ச் சேர்ந்தால் படிக்கப்படும். தாமதம் உங்களுக்குச் சாதகம்தான்.

இப்போது முதல் மெசேஜ். ‘ஆழ்ந்த இரங்கல். அம்மாவின் ஆன்மா சாந்தியடைய இறைவனை வேண்டுகிறேன்.’ இதில் தப்பு ஒன்றும் இல்லை. இப்படி ஒரு தயார் வாசகம் இருப்பதால்தான் எதிர் ஃபிளாட்காரரும் பழைய மேனேஜரும் வாய் திறக்க முடிகிறது, அதைக் கிண்டல் செய்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அது இறந்தவரைத் தெரியாதவர்களுக்கான வாசகம். அவர் அம்மா உங்களுக்கு யார் என்று தெரிந்த அவருக்கு, உங்களிடமிருந்து இது வந்தால், முகத்தில் கதவைச் சாத்தினதுபோலத்தான் இருக்கும்.

இரண்டாவது மெசேஜ் நீளம். அதில் நடுவிலிருந்து கொஞ்சம்: ‘நான் பாவி. அத்தை அனுப்பின ரிப்போர்ட்டுக்குக்கூட பதில் போடல. சாப்பிட முடியல, தூங்க முடியல. நீ மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்தை சொன்னாதான் எனக்கு நிம்மதி. கடைசியா அத்தை என்னைப் பத்தி ஏதாவது கேட்டாங்களா?’ ஒவ்வொரு வரியும் உண்மை என்று எனக்குத் தெரிகிறது. ஆனால் இதைப் படித்து முடித்ததும் அவர் செய்ய வேண்டிய வேலைகளைக் கொஞ்சம் பாருங்கள். உங்களைச் சமாதானப்படுத்த வேண்டும், மன்னிக்க வேண்டும், அம்மாவின் கடைசி நாட்களை நினைவிலிருந்து தோண்டி எடுத்து உங்களுக்கு ஒரு பதில் தயாரிக்க வேண்டும். ஒருவேளை அத்தை கேட்கவே இல்லை என்றால்? அதைச் சொல்ல வேண்டிய கஷ்டமும் அவருக்குத்தான். தாயைப் பறிகொடுத்தவர் அவர், ஆறுதல் கேட்பது நீங்கள்.

இதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. சூசன் சில்க் என்ற அமெரிக்க உளவியலாளர் மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டு, யாரும் பார்க்க வர வேண்டாம் என்று சொன்னபோது, கூட வேலை பார்த்த ஒருவர் ‘இது உங்களைப் பற்றிய விஷயம் மட்டுமில்லை’ என்றாராம். அதிலிருந்து பிறந்ததுதான் அவருடைய வட்டக் கணக்கு. பாரி கோல்ட்மன் என்பவரோடு சேர்ந்து 2013-ல் ஒரு அமெரிக்க நாளிதழில் எழுதினார். அடிபட்டவர் நடுவில் இருக்கிறார். சுற்றி மிக நெருங்கியவர்கள், அதற்கு வெளியே அடுத்தவர்கள், அதற்கும் வெளியே தெரிந்தவர்கள். உள்ளே இருப்பவரை நோக்கி ஆறுதல் மட்டும்தான் போகலாம். நம்முடைய புலம்பல், பயம், குற்ற உணர்ச்சி எல்லாவற்றையும் நம்மைவிட வெளியே இருப்பவரிடம்தான் கொட்ட வேண்டும். அந்த இரண்டாவது மெசேஜை எனக்கு அனுப்பினீர்களே, அதுதான் அதற்குச் சரியான விலாசம். இன்னும் நாலு பக்கம் எழுதினாலும் படிக்கிறேன், அவருக்கு மட்டும் வேண்டாம்.

மூன்றாவதுதான் எனக்குக் கவலை தருவது: ‘எப்படி இருக்க? எந்த ஹெல்ப் வேணும்னாலும் எப்ப வேணும்னாலும் கூப்பிடு. நான் எப்பவும் உனக்காக இருப்பேன்.’ படிக்க நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் தை மாதம் உங்களுக்குக் கல்யாணம். மாசியில் ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு அவர் கூப்பிட்டால் எடுப்பீர்களா? எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது என்று நீங்களே சொல்வீர்கள். துக்கத்தில் இருக்கிறவர்கள் இந்த மாதிரி வார்த்தைகளை உபசாரமாக எடுத்துக்கொள்வதில்லை, வாக்கு என்றே நம்புகிறார்கள். ஒருமுறை சொல்லாமல் காணாமல் போனவர் ‘எப்பவும் இருப்பேன்’ என்று எழுதிவிட்டு மறுபடியும் காணாமல் போனால், முன்னதைவிட இது மோசமாக வலிக்கும். கொடுக்க முடிந்ததை மட்டும் சொல்லுங்கள், உங்களால் இப்போது கொடுக்க முடிந்தது அத்தையைப் பற்றிய ஒரு நினைவு, அவ்வளவுதான்.

அது சின்ன விஷயமும் இல்லை. ஊர்ப்பக்கம் ஒப்பாரி வைக்கிற பாட்டிகளைக் கவனித்திருக்கிறீர்களா? ‘ஆன்மா சாந்தியடையட்டும்’ என்று ஒருத்தியும் பாட மாட்டாள். பாடையில் கிடப்பவரை நேராக முறை சொல்லிக் கூப்பிட்டு, நீ எனக்கு வாங்கித் தந்த சீலை, நீ அடைத்த கடன், என் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நீ ஆஸ்பத்திரிக்கு ஓடினது என்று ஒவ்வொன்றாக எடுத்து வைப்பாள், இப்படி விட்டுவிட்டுப் போயிட்டியே என்று நடுவில் திட்டுவாள், பழைய சண்டையைக்கூட இழுப்பாள். கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு, அதுவரை தெரியாத அம்மா ஒருத்தி அந்தப் பாட்டில் தெரிய வருவாள். ஆறுதல் என்பது அங்கேதான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். தன் அம்மா இன்னொருவர் மனதிலும் அதே மாதிரி, அதே பேச்சோடு, அதே பிடிவாதத்தோடு இருக்கிறாள் என்று தெரிவது. ரிப்போர்ட் விஷயம் உங்களுக்கும் அத்தைக்கும் மட்டும் உள்ளது. மகனுக்கு அது பாதிதான் தெரிந்திருக்கும்.

ஆகவே இந்த மாதிரி எழுதலாம், உங்கள் பேச்சில் மாற்றிக்கொள்ளுங்கள்:

‘உங்கம்மா தவறிட்டாங்கன்னு தெரிஞ்சுது. ரொம்பக் கஷ்டமா இருக்கு. ரிப்போர்ட்டைப் படம் பிடிச்சு அனுப்பிட்டு, நம்பர் ஏறியிருக்கா இறங்கியிருக்கான்னு கேப்பாங்க. நான் சொல்லி முடிக்கறதுக்குள்ள, சரி அதை விடு, நீ சாப்ட்டியான்னு ஆரம்பிச்சிருவாங்க. என்மேல அவ்வளவு பிரியமா இருந்தாங்க, நான் மறக்க மாட்டேன். இதுக்கு நீ பதில் போடணும்னு இல்ல.’

சாப்பாட்டு விஷயம் என் ஊகம், அத்தை நிஜமாக என்ன சொல்வார் என்று உங்களுக்குத்தான் தெரியும், அதைப் போடுங்கள். ‘அத்தை’ என்று மட்டும் எழுதாதீர்கள். அவர் உங்களுக்கு அத்தைதான், அதை யாரும் பிடுங்கிவிட முடியாது. ஆனால் அந்த முறை அவர் போனில் போய் இறங்கும்போது, நடக்காமல் போன கல்யாணமும் கூடவே இறங்கும். ‘விதி’, ‘அவங்க கஷ்டத்திலிருந்து விடுதலை’, ‘இனி நீதான் தைரியமா இருக்கணும்’, இதெல்லாமும் வேண்டாம். வருடக்கணக்கில் டயாலிசிஸ் பார்த்த மகனுக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதிப் பெருமூச்சு ஏற்கெனவே வந்திருக்கும், அதற்காகத் தன்னையே வெறுத்துக்கொண்டும் இருப்பார். அதை வெளியிலிருந்து யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கடைசி வரி கட்டாயம் இருக்க வேண்டும். பதில் கேட்காத மெசேஜ் என்பது துக்க வீட்டுக்குச் செய்யும் பெரிய உபகாரம், ஏற்கெனவே நூறு பேருக்கு ‘நன்றி அண்ணா, நன்றி அக்கா’ என்று போட்டுப் போட்டுக் கை ஓய்ந்திருக்கும்.

இன்னொன்று, வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். அதற்கு முதலில் பிளாக்கை எடுக்க வேண்டும், எடுத்தால் அவருடைய டிபி தெரியும், லாஸ்ட் சீன் தெரியும், நீல டிக் விழுந்ததா என்று ராத்திரி முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். சாதாரண எஸ்.எம்.எஸ். போதும். அனுப்பிவிட்டுப் போனை சார்ஜில் போட்டுவிட்டுப் போய்ப் படுங்கள்.

நேரில் போவதைப் பற்றி. துக்கம் விசாரிக்கப் போகிறவர் வாசலில் செருப்பை விட்டதும் அந்த வீட்டில் எழும் முதல் கேள்வி ‘இது யாரு?’ என்பதுதான். அப்பாவும் சித்திமாரும் இருக்கும் கூடத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் பொறுப்பு அவர் தலையில் விழும், அம்மா மட்டும் காப்பாற்றி வைத்திருந்த ரகசியம் அம்மா போன மாதமே வெளியே வரும். தவிர, கல்யாணம் நிச்சயமான பெண் சாவு வீட்டுக்குப் போகக்கூடாது என்று உங்கள் வீட்டில் தடுப்பார்கள். சாதாரணமாக அந்தத் தடையை மீறச் சொல்கிற ஆள்தான் நான். இந்த ஒரு தடவை அது உங்களுக்கு உதவட்டும், விடுங்கள்.

அடுத்து அந்தப் பதில் போடாத ரிப்போர்ட். உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு வரியில்தான் வருகிறது, ஆனால் உங்களைத் தின்பது அதுதான் என்று நினைக்கிறேன். லேபில் வேலை பார்க்கிறவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்கிறேன்: டயாலிசிஸில் இருப்பவரின் கிரியாட்டினின் ஒவ்வொரு முறை இயந்திரத்தில் போட்ட பிறகும் இறங்கும், அடுத்த முறைக்குள் ஏறும். அந்த எண்ணை அவருடைய டாக்டரும் டயாலிசிஸ் யூனிட்டும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார்கள். நீங்கள் பார்த்துச் சொல்லியிருந்தாலும் சிகிச்சையில் ஒரு மாத்திரைகூட மாறியிருக்காது. அத்தைக்கும் அது தெரியாமல் இருந்திருக்காது, இத்தனை வருடம் ஆஸ்பத்திரி பார்த்தவர். அவர் கேட்டது எண்ணை அல்ல, உங்கள் குரலை. அதை நீங்கள் கொடுக்கவில்லை, அது அவருக்கு வருத்தமாக இருந்திருக்கும், இதில் நான் பூசி மெழுகப் போவதில்லை. ‘நீங்க ஒண்ணும் தப்பு பண்ணல’ என்று சொன்னால் நீங்களும் நம்ப மாட்டீர்கள். ஆனால் ஒரு உயிர் போனதும் ஒரு மெசேஜுக்குப் பதில் போடாததும் இரண்டு வேறு விஷயங்கள், உங்கள் மனதில் அவை ஒன்றாக முடிச்சு விழுந்து கிடக்கின்றன. முதலாவதில் உங்களுக்குப் பங்கே இல்லை. இரண்டாவது உங்களுடையது, அதை நீங்கள்தான் வைத்துக்கொள்ள வேண்டும், மகனிடம் கொண்டுபோய்க் கொடுக்கக்கூடாது.

அழ உரிமை இருக்கிறதா என்று கேட்கிறீர்கள். நம் சாவு வீடுகளில் ஒவ்வொரு உறவுக்கும் ஒரு வேலை வைத்திருக்கிறார்கள். பிறந்த வீட்டுக்காரர்கள் கோடி கொண்டுவர வேண்டும், மகன் கொள்ளி வைக்க வேண்டும், பேரன் பேத்திகள் நெய்ப்பந்தம் பிடிக்க வேண்டும், சம்பந்தி வீட்டார் எப்போது வர வேண்டும், என்ன கொண்டுவர வேண்டும் என்பதற்கெல்லாம்கூட முறை உண்டு. வேலை இருக்கிறவர்களுக்கு அழுகையும் உண்டு, எவ்வளவு அழுதாலும் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். மருமகளாக வராமல் போன பெண்ணுக்கு அந்தப் பந்தலில் ஒரு வேலையும் கிடையாது, அதனால்தான் நீங்கள் லேப் பாத்ரூமில் அழுகிறீர்கள். கென்னத் டோக்கா என்ற அமெரிக்க ஆய்வாளர் 1989-லேயே இதை எழுதினார்: ஊர் அங்கீகரிக்காத உறவு, வெளியே சொல்ல முடியாத துக்கம், அது சாதாரண துக்கத்தைவிட ஆறுவது கஷ்டம். பழைய காதலர்கள், விவாகரத்தானவர்கள் எல்லோரும் அவர் பட்டியலில் உண்டு. உங்களுக்குப் புதிதாக எதுவும் நேரவில்லை, மற்றவர்களுக்குத் தெரியாமல் நேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

வேலை இல்லையென்றால் ஒரு வேலையை உண்டாக்கிக்கொள்ளுங்கள். நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம், ஒரு நோட்டில் அத்தைக்கு எழுதுங்கள். ‘அத்தை, அன்னிக்கு நீங்க அனுப்பின ரிப்போர்ட்டைப் பார்த்தேன்’ என்று ஆரம்பித்து, மனதில் இருப்பதை எல்லாம், எழுத்துப்பிழை பார்க்காமல், திட்ட வேண்டியிருந்தால் திட்டியும். ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் 1986-ல் கல்லூரி மாணவர்களை இப்படித்தான் நான்கு நாள் எழுத வைத்தார். எழுதிய உடனே மனசு கனத்தது, ஆனால் அடுத்த மாதங்களில் அவர்கள் டாக்டரிடம் போவது மற்றவர்களைவிடக் குறைந்தது. உங்களுக்கும் முதல் இரண்டு நாள் அழுகை கூடும், பயப்படாதீர்கள். முடித்த பிறகு நோட்டை வைத்துக்கொள்வதும் கிழித்துப் போடுவதும் உங்கள் இஷ்டம், அவருக்கு மட்டும் அனுப்பாதீர்கள்.

அந்த ஐந்து கட்டங்களைத் தேடுவதையும் விட்டுவிடுங்கள். எலிசபெத் கூப்ளர்-ரோஸ் என்ற மனநல மருத்துவர் 1969-ல் அதை எழுதியது சாகப்போகும் நோயாளிகளோடு பேசி, அவர்களைப் பற்றி. பிற்பாடு அதை, உறவைப் பறிகொடுத்தவர்கள் தலையிலும் கட்டிவிட்டார்கள். உங்கள் நிலைமைக்கு மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹெங்க் ஷூட் என்ற இரு ஆய்வாளர்கள் நெதர்லாந்தில் 1999-ல் சொன்னது நன்றாகப் பொருந்துகிறது. துக்கத்தில் இருப்பவர் இழப்புக்கும் அன்றாடத்துக்கும் நடுவே போய்ப்போய் வந்துகொண்டே இருப்பார், ஒரே இடத்தில் நிற்பவர்தான் சிக்கிக்கொள்கிறார். காலையில் அழுவதும் மாலையில் பட்டுப்புடவையின் பார்டரைப் பார்த்துச் சிரிப்பதும் துரோகம் இல்லை, அப்படித்தான் ஆறும்.

அப்புறம் பிரேக்கப். நீங்கள் இதைக் கேட்கவில்லை, ஆனால் கடிதம் முழுக்க அதுதான் ஓடுகிறது. நம் வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. வெளியூரில் இருக்கும் பிள்ளைக்குப் போன் போட்டு ‘அப்பாவுக்குக் கொஞ்சம் சீரியஸா இருக்கு, உடனே கிளம்பி வா’ என்பார்கள். அப்பா போய் இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். அவனும் பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு, ஒருவேளை பிழைத்துவிடுவாரோ என்று வேண்டிக்கொண்டே வருவான், தெருமுனையில் பந்தலைப் பார்த்துத் தெரிந்துகொள்வான். பிரியத்தினால்தான் செய்கிறார்கள், இருந்தாலும் அந்த ஆறு மணி நேர நம்பிக்கையை நிறையப் பேர் மன்னிப்பதே இல்லை. ‘வீட்டுல பேசிட்டு சொல்றேன்’ என்று நீங்கள் சொன்னதும் அந்த மாதிரிதான். உங்களுக்கு அன்றே தெரியும், முடிந்துவிட்டதென்று. அவர் எத்தனை மாதம் அந்தப் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தாரோ.

புற்றுநோய் மருத்துவர்கள் கெட்ட செய்தி சொல்வதற்கென்று 2000-ல் வந்த ஸ்பைக்ஸ் என்று ஒரு முறை இருக்கிறது, ஆறு படி. அதில் எனக்குப் பிடித்தது, விஷயத்தைச் சொல்வதற்கு முன் ‘கஷ்டமான சேதி ஒண்ணு சொல்லணும்’ என்று ஒரு முன்னறிவிப்பு, பிறகு சுற்றி வளைக்காமல் புரிகிற வார்த்தையில் சேதி, பிறகு எதிரில் இருப்பவர் அழுதாலும் கோபப்பட்டாலும் அதற்கு இடம் கொடுத்து உட்கார்ந்திருப்பது. காதலை முறிப்பதற்கும் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. ‘நான் கஷ்டமான ஒண்ணு சொல்லப்போறேன். எங்க வீட்டை எதிர்த்து வர எனக்குத் தைரியம் இல்ல. நாம பிரிஞ்சிடலாம்.’ அவ்வளவுதான். ‘நீ ரொம்ப நல்லவன், உனக்கு என்னைவிட நல்ல பொண்ணு கிடைப்பா’ என்பதெல்லாம் சொல்கிறவருடைய சௌகரியத்துக்கு. அப்பா சாப்பிடவில்லை என்பது காரணம், உங்களால் எதிர்த்து நிற்க முடியவில்லை என்பது முடிவு. இரண்டாவதைச் சொல்லாமல் முதலாவதை மட்டும் சொன்னாலும் அவர் காத்துக்கொண்டுதான் இருந்திருப்பார், அப்பா சாப்பிட்டுவிட்டால் சரியாகிவிடும் என்று.

இந்த வார்த்தைகளை அவருக்கு நீங்கள் இன்னும் தரவில்லை. ஆனால் இரங்கல் மெசேஜோடு சேர்த்துத் தர வேண்டாம், அம்மாவின் சாவில் இரண்டாவது சாவைக் கலக்காதீர்கள். சில மாதம் போகட்டும், உங்கள் கல்யாணத்துக்கு முன்பு என்று ஒரு எல்லை வைத்துக்கொள்ளலாம். அப்போதும் மூன்று நான்கு வரிதான்: சொல்லாமல் போனது தப்பு, காரணம் இது, அவரிடம் குறை இல்லை, பதில் வேண்டாம். எழுத உட்காரும்போது ‘அவர் என்ன பதில் போடுவார்’ என்று உள்ளே துடித்தால் அன்றைக்கு அனுப்பாதீர்கள், நீங்கள் இன்னும் எதையோ கேட்கிறீர்கள் என்று அர்த்தம்.

மாப்பிள்ளையிடம் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் நீங்கள் அழுவது அவருக்குத் தெரியாமல் இருக்காது, காரணம் தெரியாத அழுகைக்கு ஒரு மாப்பிள்ளை என்ன அர்த்தம் எடுத்துக்கொள்வார் என்று சொல்ல வேண்டியதில்லை. கதை முழுவதும் வேண்டாம். ‘நான் முன்னாடி சொன்னேன் இல்லையா, அவரோட அம்மா இறந்துட்டாங்க. எனக்கு அவங்க ரொம்ப நெருக்கம். ஒரு இரங்கல் மெசேஜ் அனுப்பப்போறேன். கொஞ்ச நாள் நான் டல்லா இருந்தா இதுதான் காரணம்.’ அனுமதி கேட்கிற தொனி வேண்டாம், தகவல் சொல்கிற தொனி போதும். அவர் கேட்கிற இரண்டு கேள்விக்கு உண்மையாகப் பதில் சொல்லுங்கள். அதற்கே அவர் சண்டை பிடித்தால், அது தைக்கு முன்பே தெரிவது நல்லதுதான்.

உங்கள் மெசேஜுக்கு அவர் பதில் போட்டால் அதற்கும் இதே அளவில் ஒரு பதில். போடாவிட்டால் அது அவர் சொன்ன பதில், பதில் கேட்டு இன்னொரு மெசேஜ் வேண்டாம். ஒரு விதிவிலக்கு: ‘நானும் அம்மாகூடவே போயிடணும்’ என்கிற மாதிரி ஏதாவது வந்தால் வட்டம், எல்லை எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு, உடனே அவர் பக்கத்தில் இருக்கும் நண்பர் யாருக்காவது சொல்லுங்கள், 14416 நம்பரையும் கொடுங்கள். அது மத்திய அரசின் டெலி மானஸ், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. உங்களுக்கும் தூக்கம் வராமல், வேலை ஓடாமல் மாதக்கணக்கில் இழுத்தால் அதே நம்பர்தான்.

கடைசியாக, அந்த வாய்ஸ் நோட்டுகள். அழித்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். அவரிடம் அம்மாவின் போட்டோ நிறைய இருக்கும், குரல் இருக்குமா தெரியாது, ஒரே வீட்டில் இருக்கிறவர்கள் வாய்ஸ் நோட் அனுப்பிக்கொள்வதில்லையே. இன்றைக்கே அவற்றைத் தனியாக ஒரு இடத்தில் சேமித்து வையுங்கள், போன் மாற்றும்போது இதெல்லாம் காணாமல் போய்விடும். ஆனால் கேட்காமல் அனுப்பாதீர்கள். டீக்கடையில் நிற்கும்போது போனைத் தட்டினால் அம்மா குரல் வருவது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நான் முன்பு சொன்ன அந்த நான்கு வரிக் கடிதத்தை எழுதும் நாளில், கீழே ஒரு வரி சேருங்கள்: ‘உங்கம்மா எனக்கு அனுப்பின வாய்ஸ் நோட் கொஞ்சம் இருக்கு, ரிப்போர்ட்டைப் பத்திப் பேசறதுதான். வேணும்னா எப்ப வேணாலும் சொல்லு, அனுப்பறேன்.’ அவர் அடுத்த வாரமே கேட்கலாம், மூன்று வருடம் கழித்தும் கேட்கலாம். அதில் ஏதாவது ஒன்றில் அத்தை அவரைப் பற்றி உங்களிடம் புகார் சொல்லியிருந்தால், அதையும் எடுத்துவிடாமல் சேர்த்தே அனுப்புங்கள்.